வாட்ஸ்அப்ல விடிய விடிய பேசுற பசங்க காலேஜ் ஃபோரம்ல மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்குறாங்க?

வணக்கம் மேடம்,

உங்க லெட்டர் கொஞ்சம் நீளம்தான், ஆனா அந்த நீளம் எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு, ஏன்னா இந்த மாதிரி விஷயத்துல பதில் சின்னச் சின்ன டீடெய்ல்லதான் இருக்கும். மத்தவங்களும் படிப்பாங்கங்கிறதால உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். தென்காசி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.காம் பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறீங்க. போன வருஷம் மேனேஜ்மெண்ட் மூடில்ங்கிற ஆன்லைன் கிளாஸ் சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்தாங்க, நீங்களும் ஆர்வமா ட்ரெய்னிங் எல்லாம் போயிட்டு வந்து டிஸ்கஷன் ஃபோரம், லீடர்போர்டு வச்ச குவிஸ், ஒருத்தர் அசைன்மெண்ட்டை இன்னொருத்தர் திருத்துற பியர் ரிவ்யூ, வாரத்துக்கு ஒரு நாள் ராத்திரி லைவ் கிளாஸ்னு எல்லாத்தையும் செட் பண்ணிட்டீங்க. 60 பேர் இருக்கற கிளாஸ்ல ஃபோரம்ல இருக்கறது உங்க வெல்கம் போஸ்ட்டும் அதுக்குக் கீழ ரெண்டு "தேங்க் யூ மேம்"மும்தான். பியர் ரிவ்யூல எல்லாரும் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. கேமரா ஆன் பண்ணுங்கன்னு சொன்ன அடுத்த நிமிஷம் பாதிப்பேர் லெஃப்ட். ஜெர்மனியில படிக்கிற உங்க அண்ணன் பொண்ணு அங்க ஃபோரம்ல சண்டையே நடக்கும்னு சொல்றா, உங்க ஹெச்ஓடி "நம்ம பசங்க மைண்ட்செட் அப்படி, விட்டுடுங்க"ங்கிறார். இது நம்ம கல்ச்சரா, பசங்களுக்கு டெக்னாலஜிய ஏத்துக்கிற பக்குவம் வரலையா, நான் விட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க.

விட்டுடாதீங்க. ஹெச்ஓடி சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு, கல்ச்சருக்கு இதுல பங்கு இருக்குதான். ஆனா அவர் அந்தக் கல்ச்சரை பசங்க மண்டைக்குள்ள மட்டும் தேடுறார். நீங்க இன்ஸ்டால் பண்ண சாஃப்ட்வேருக்கும் ஒரு ஊர் இருக்கு, ஒரு வளர்ப்பு இருக்கு, அது ஒரு குறிப்பிட்ட மாதிரி கிளாஸ்ரூமை மனசுல வச்சு செஞ்சது. அந்தக் கிளாஸ்ரூமும் உங்க கிளாஸ்ரூமும் எங்க இடிக்குதுன்னு பார்த்தாலே பசங்க ஏன் ஒதுங்குறாங்கன்னு தெரிஞ்சிடும், அதுல பெரும்பகுதிய நீங்களே மாத்தவும் முடியும்.

மூடிலையே எடுத்துக்கோங்க. அதை உருவாக்கின மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாக்காரர், சின்ன வயசுல மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்துல ஸ்கூலே பக்கத்துல இல்லாத இடத்துல ரேடியோ வழியா பாடம் படிச்சவர். 2002ல மூடிலோட முதல் வெர்ஷன் வந்துச்சு. மனுஷங்க ஒண்ணை உருவாக்கி, அதை நாலு பேர் முன்னாடி வச்சு, பேசி, திருத்தித்தான் கத்துக்கிறாங்க, அந்தக் கூட்டத்துல வாத்தியாரும் கத்துக்கிற ஒருத்தர்தான், மாணவரும் சொல்லிக் குடுக்கிற ஒருத்தர்தான்ங்கிற எண்ணம் அதோட டிசைன்லயே இருக்கு, அவங்களே அதை வெளிப்படையா எழுதியும் வச்சிருக்காங்க. எனக்கு அந்த எண்ணம் ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒரு ஃபோரம் போஸ்ட்ல பேரும் போட்டோவும் பளிச்சுனு தெரியுது, எழுதினது செமஸ்டர் முடியிற வரைக்கும் அங்கயே கிடக்குது, டீச்சர் போஸ்ட்டும் ஸ்டூடண்ட் போஸ்ட்டும் ஒரே சைஸ்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்குது, இதெல்லாம் ஒரு குறிப்பிட்ட உறவு முறைய நம்பிச் செஞ்ச ஏற்பாடு. பன்னெண்டு வருஷம் கை கட்டி வாய் பொத்தி உக்காந்துட்டு உங்ககிட்ட வந்த பிள்ளைக்கு அந்த உறவு இன்னும் பழக்கமாகல.

நான் காலேஜ்களுக்கு ஆன்லைன் கோர்ஸ் டிசைன் பண்ணிக் குடுக்குற வேலையில இருக்கேன், அதனால லேப்ல பசங்க பின்னாடி நின்னு அவங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு பாக்குறதும் என் வேலைதான். ஒரு காலேஜ்ல ஒரு பொண்ணு ஃபோரம் பாக்ஸை ஓப்பன் பண்ணி, மெஷினை வருஷ நடுவுல வித்தா அந்த வருஷத்துக்கு டெப்ரிசியேஷன் எத்தனை மாசத்துக்குப் போடணும்னு தங்கிலீஷ்ல டைப் பண்ணுச்சு. நிறுத்துச்சு. அழிச்சுட்டு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சது, ரெண்டாவது வரியில சிக்கிக்கிச்சு, அதையும் அழிச்சது. பக்கத்து சீட் பொண்ணுகிட்ட மெல்ல கேட்டுச்சு, அதுக்கும் தெரியல. உடனே போனை எடுத்து கிளாஸ் ரெப்புக்கு ஒரு வாய்ஸ் நோட். கொஞ்ச நேரத்துல அந்த ரெப் பையன் எழுந்து போய் மேம்கிட்ட, "மேம், சில பேருக்கு அந்த டெப்ரிசியேஷன் சம்ல டவுட்டாம்"னான். மேம் உடனே போர்டுல போட்டு விளக்கிட்டாங்க, அந்தப் பொண்ணு அவசர அவசரமா நோட்ல எழுதிக்கிச்சு, எல்லாருக்கும் திருப்தி. ஃபோரம் மட்டும் காலி.

இதை நான் பசங்களோட கூச்சம்னு மட்டும் பாக்கல மேடம், உள்ள ஒரு முழு சிஸ்டமே ஓடுது. கேள்வி டீச்சர்கிட்ட போய்ச் சேர்ந்துடுச்சு, யார் கேட்டதுன்னு தெரியாம போச்சு, மேம் சரியா நடத்தலைங்கிற அர்த்தம் வராம மரியாதையும் காப்பாத்தியாச்சு, "சீன் போடுறா பாரு"ன்னு யாரும் சொல்ல முடியாது, இங்கிலீஷ் தப்பா எழுதி மாட்டிக்கிற பயமும் இல்ல. நம்ம ஊர்ல எத்தனையோ காலமா நடக்குற ஏற்பாடு இது, வீட்ல அப்பாகிட்ட நேரா கேக்காம அம்மா வழியா கேக்குறோமே அதே வழிதான். நீங்க குடுத்த ஃபோரம் இத்தனை பாதுகாப்பையும் ஒரே அடியில எடுத்துட்டு, பதிலுக்குக் குடுக்குறது என்னன்னு யோசிங்க. அந்தப் பொண்ணு நிலைமையில நான் இருந்தாலும் வாய்ஸ் நோட்தான் அனுப்பியிருப்பேன்.

இதுக்கு புத்தகத்துல இருக்கற பேரு அதிகார இடைவெளி, பெரியவங்களுக்கும் சின்னவங்களுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பா எடுத்துக்குதுங்கிறது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் நாடு நாடா இதுக்கு நம்பர் குடுத்தார், இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35, ஆஸ்திரியாவுக்கு வெறும் 11. உங்க ட்ரெய்னிங்ல இந்த ஸ்லைடு கண்டிப்பா வந்திருக்கும். இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையா வச்சுக்கோங்க. அந்த நம்பரெல்லாம் 1960கள் கடைசியில இருந்து 70கள் ஆரம்பம் வரைக்கும் ஐபிஎம் கம்பெனி ஊழியர்கள்கிட்ட எடுத்த சர்வேல இருந்து வந்தது. அந்தக் காலத்து ஐபிஎம் ஆபீஸ்ல வேலை பார்த்தவர் சொன்ன பதிலை வச்சு இன்னிக்கு சங்கரன்கோவில்ல இருந்து பஸ் ஏறி வர்ற முதல் தலைமுறை பட்டதாரிப் பொண்ணை எடை போட முடியாதில்லையா. பிரெண்டன் மெக்ஸ்வீனிங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளர் 2002லயே இந்த அடிப்படையையே கேள்வி கேட்டு காட்டமா எழுதினார், ஒரு கம்பெனியில சில பேர் சொன்னதை வச்சு ஒரு தேசத்துக்கே குணம் சொல்றது எப்படி சரின்னு. நான் ஹாஃப்ஸ்டெட்டைத் தூக்கிப் போடல, என்னென்ன கேள்வி கேக்கணும்னு ஞாபகப்படுத்துற லிஸ்ட் மாதிரி வச்சுக்குறேன். பதிலை உங்க கிளாஸ்ல இருந்துதான் எடுக்கணும்.

டெக்னாலஜிய ஜனங்க ஏன் ஏத்துக்கிறாங்கங்கிறதுக்கு இன்னொரு பக்கம் இருந்தும் ஒரு விளக்கம் உண்டு. ஃப்ரெட் டேவிஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1989ல சொன்னது, இது எனக்கு உதவும்னு தோணணும், யூஸ் பண்ண சுலபமா இருக்கும்னு தோணணும், இந்த ரெண்டும் இருந்தா ஏத்துப்பாங்கன்னு. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு. ஆனா 1997ல ஸ்ட்ராப், கீல், பிரென்னர்னு மூணு பேர் இதே மாடலை அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜப்பான்னு மூணு நாட்டு ஏர்லைன் கம்பெனி ஊழியர்கள்கிட்ட, அவங்க ஈமெயில் யூஸ் பண்றதை வச்சு டெஸ்ட் பண்ணப்ப, அமெரிக்காவுலயும் சுவிட்சர்லாந்துலயும் சரியா வந்துச்சு, ஜப்பான்ல வரல. மேலதிகாரிகிட்ட எப்படிக் குனிஞ்சு, எந்த மரியாதையோட ஒரு விஷயத்தைச் சொல்றோம்ங்கிறதே செய்தியில பாதியா இருக்கற இடத்துல, வெறும் எழுத்து மட்டும் போற ஈமெயில் எவ்வளவு சுலபமா இருந்தாலும் பத்தாதுங்கிறது அவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு. உங்க ஃபோரம் கதையும் இதுக்கு ரொம்பக் கிட்டத்துலதான் இருக்கு.

அதுக்காக ஆசியாவுல பசங்க பணிவா இருப்பாங்க, மேல இருந்து சொன்னா ஏத்துப்பாங்கன்னு ஒரு முடிவுக்கு வந்துடாதீங்க. 2020 பிப்ரவரியில சீனாவுல ஸ்கூல் எல்லாம் மூடினதும் அலிபாபாவோட டிங்டாக் ஆப்லதான் கிளாஸ், ஹோம்வொர்க் எல்லாம் நடந்துச்சு. அது ஆபீஸ்ல முதலாளிங்க ஊழியர்களைக் கண்காணிக்க வசதியா செஞ்ச ஆப், யார் மெசேஜைப் படிச்சாங்க யார் படிக்கலன்னு அனுப்பினவருக்குத் தெரியும். பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா, ரேட்டிங் ரொம்ப இறங்கினா ஆப் ஸ்டோர்ல இருந்தே தூக்கிடுவாங்கன்னு ஒரு பேச்சு பரவ, கூட்டம் கூட்டமா போய் ஒரு ஸ்டார் குடுத்து ரேட்டிங்கைத் தரைக்கு இறக்கிட்டாங்க, கடைசியில கம்பெனியே தங்களை மன்னிச்சு விட்டுடுங்கன்னு கெஞ்சி ஒரு அனிமேஷன் வீடியோ போட வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும் அந்தப் பசங்க தினமும் அந்த ஆப்லதான் கிளாஸ் அட்டெண்ட் பண்ணாங்க. லாகின் கணக்கை மட்டும் பார்த்தா நூத்துக்கு நூறு வெற்றின்னு தோணும். டீச்சர் முகத்துக்கு நேரா யாரும் ஒரு வார்த்தை சொல்லல, பேர் தெரியாத இடம் ஒண்ணு கிடைச்சதும் மொத்தமா கொட்டிட்டாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, ஃபோரம்ல போஸ்ட் போட்டா இண்டர்னல்ல 5 மார்க்குன்னு அறிவிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. போட்டா போஸ்ட் வரும். "குட் எக்ஸ்ப்ளனேஷன் மேம்", "ஐ அக்ரீ வித் மை ஃப்ரெண்ட்"னு 60 வரும், அதையெல்லாம் படிக்கிறது உங்களுக்கும் தண்டனை. கட்டாயமா யூஸ் பண்ண வைக்கிற இடத்துல மத்தவங்க சொல்றாங்களேங்கிற அழுத்தம் ஆரம்பத்துல வேலை செய்யும், பழகப் பழக அது தேய்ஞ்சு போயிடும்னு வெங்கடேஷ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 2003 ஆய்வுல காட்டியிருக்காங்க. அதனால மார்க் வேண்டாம், குறைஞ்சபட்சம் முதல் ஒரு மாசத்துக்காவது வேண்டாம்.

உங்க அண்ணன் பொண்ணு விஷயத்துக்கு வரேன், ஏன்னா லெட்டர்ல அந்த ஒப்பீடு உங்களை ரொம்ப உறுத்துறது தெரியுது. ஜெர்மனியில ஸ்கூல்லயே கிளாஸ்ல வாயைத் திறந்து பேசுறதுக்குத் தனி மார்க் உண்டு, பல பாடங்கள்ல மொத்த கிரேடுல அது கணிசமான பங்கு. பேசாம உக்காந்திருந்தா எழுத்துப் பரீட்சையில நல்லா எழுதினாலும் மார்க் குறையும். அப்படி வளர்ந்த பசங்க யுனிவர்சிட்டி ஃபோரம்ல சண்டை போடுறது அவங்க ரத்தத்துல இருக்கற குணம் இல்ல, சின்ன வயசுல இருந்து வருஷக்கணக்கா குடுத்த பயிற்சி. நம்ம பசங்களுக்கு நாம குடுத்த பயிற்சி வேற, அதுவும் நல்லாவே வேலை செஞ்சிருக்கு, அமைதியா கேட்டு, எழுதி, மனப்பாடம் பண்ணி உங்ககிட்ட வந்து சேர்ந்திருக்காங்க. ஒரு பயிற்சியை இன்னொரு பயிற்சியால மாத்தலாம், ஆனா அதுக்குக் காலம் ஆகும், முதல் செமஸ்டர்லயே நடக்கணும்னு எதிர்பாக்கக் கூடாது.

அப்புறம் அந்தப் பக்கம் எல்லாரும் எல்லா டெக்னாலஜியையும் கை நீட்டி வாங்கிக்கிறாங்கன்னும் நினைக்காதீங்க. ஜெர்மனியில ஹெஸ்ஸன் மாநிலத்துல 2019ல தகவல் பாதுகாப்பு அதிகாரி, பிள்ளைங்க விவரம் கிளவுட்ல போறதால மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 365ஐ ஸ்கூல்ல யூஸ் பண்றது சட்டப்படி சரியில்லைன்னு சொன்னார். டென்மார்க்ல ஹெல்சிங்கோர் ஊர்ல 2022ல கூகுள் குரோம்புக்கை ஸ்கூல்ல நிறுத்தச் சொன்னாங்க, இதே காரணம்தான். ஸ்வீடன்ல 2023ல அரசாங்கமே ஸ்க்ரீனைக் குறைச்சு அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பணும்னு பணம் ஒதுக்குச்சு. அவங்க வேண்டாம்னு சொன்னா அதைக் கொள்கைன்னு மதிக்கிறோம், நம்ம பிள்ளை தயங்கினா மைண்ட்செட்ங்கிறோம். எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு மேடம். உங்க பசங்க ஒதுங்குறதுக்குப் பின்னாடியும் ஒரு நியாயம் இருக்கும்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிச்சீங்கன்னா தேடுற கண்ணே மாறிடும்.

இப்ப கேமரா. இதுல நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா கல்ச்சர் கல்ச்சர்னு நாம பேசுறதுல பாதி உண்மையில வீடும் போனும். ராத்திரி 8 மணிக்கு லைவ் கிளாஸ்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துல ஒரு ரூம் வீட்ல டிவி ஓடும், தம்பி படிப்பான், அப்பா அப்பதான் வேலை முடிஞ்சு வந்திருப்பார். பொண்ணு கேமரா ஆன் பண்ணா பின்னாடி தெரியிறது அவ மட்டுமில்ல, அந்த வீடு முழுக்கத் தெரியும், ஓடு பேர்ந்த கூரையும் கொடியில காயுற துணியும் 60 பேர் பாப்பாங்க, யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டிக்கர் ஆக்கிடுவாங்களோங்கிற பயம் வேற, அது வெறும் கற்பனைப் பயமும் இல்ல. ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு சில இடத்துல அந்த நேரம் போனையே வார்டன் வாங்கி வச்சிருப்பாங்க. கிராமப்புற மாவட்டங்கள்ல 14ல இருந்து 18 வயசுப் பிள்ளைங்ககிட்ட எடுத்த அசர்ங்கிற கல்விக் கணக்கெடுப்போட 2023 சர்வேல, ஸ்மார்ட்போன் யூஸ் பண்ணத் தெரிஞ்ச பசங்கள்ல சொந்த போன் வச்சிருக்கற ஆம்பளைப் பசங்க 43.7 சதவீதம், பொண்ணுங்க 19.8 சதவீதம்னு வந்துச்சு. உங்க ஸ்டூடண்ட்ஸ் இதை விட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவங்க, இப்ப நிலைமை கொஞ்சம் மாறியிருக்கும், ஆனா அதே வீடுகள்ல இருந்துதான் வர்றாங்க. போன் வீட்ல இருக்கறது வேற, அது அவ கையில இருக்கறது வேற. அண்ணன் போன்ல லாகின் பண்ற பொண்ணு ராத்திரி 8 மணிக்கு ஃபோரம்ல ஒரு பையன் போஸ்ட்டுக்குப் பதில் எழுதினா, அந்த நோட்டிஃபிகேஷன் அண்ணன் ஸ்க்ரீன்ல வரும். "யார்கூடடி சாட் பண்ற"ங்கிற கேள்விக்கு அவ பதில் சொல்லணும். அதை விட பேசாம இருக்கறது எவ்வளவோ நிம்மதின்னு அவ முடிவெடுத்தா அது தப்பா?

இதே விஷயத்துல வாட்ஸ்அப் குரூப்பையும் கவனிங்க. அங்கதான் பசங்க பேசுறாங்க, அதையே கிளாஸ் ஆக்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவங்க பேசுற குரூப்ல நீங்க இல்லைங்கிறதாலதான் பேசுறாங்க, நீங்க உள்ள வந்த நிமிஷம் அவங்க வேற குரூப்புக்குப் போயிடுவாங்க, காலி குரூப்புக்கு நீங்க அட்மினா இருப்பீங்க. தவிர வாட்ஸ்அப் குரூப்ல நம்பர் எல்லாருக்கும் தெரியும், உங்க கிளாஸ்ல நாலு பொண்ணுங்களாவது அந்த ஒரே காரணத்துக்காக குரூப்ல சேராம தோழி போன்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க. அறிவிப்புக்கு மட்டும் வச்சுக்கோங்க, அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி. முடிஞ்சா கம்யூனிட்டியா மாத்துங்க, அறிவிப்புப் பகுதியில மத்தவங்க நம்பர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது.

கருவியைக் குடுத்தா போதும், மீதி தானா நடக்கும்ங்கிற நம்பிக்கை எங்க கொண்டு போய் விடும்ங்கிறதுக்கு பெருவை விடப் பெரிய உதாரணம் இல்ல. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் திட்டத்துல அங்க லட்சக்கணக்குல குடுத்தாங்க. 319 கிராமப்புறப் பள்ளிகள்ல இண்டர் அமெரிக்கன் டெவலப்மெண்ட் பேங்க் எடுத்த ஆய்வு 2012ல வந்துச்சு, கணக்குலயும் மொழியிலயும் டெஸ்ட் ஸ்கோர்ல முன்னேற்றம் எதுவும் தெரியல. பிள்ளை தானா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நோண்டிக் கத்துக்கும்ங்கிறதுதான் திட்டத்தோட அடிப்படையே, ஆனா பல பள்ளிகள்ல வீட்டுக்கே அனுப்பல, வாத்தியாருக்கு அதை வச்சு என்ன பாடம் நடத்துறதுன்னு போதுமான பயிற்சியும் இல்ல. நம்ம பக்கத்துல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு. 2020 ஜூன்ல கேரளாவுல டிவி வழியா ஃபர்ஸ்ட் பெல் கிளாஸ் ஆரம்பிச்சப்ப, டிவி இல்லாத பிள்ளைங்களுக்காக வாசகசாலையிலயும் அங்கன்வாடியிலயும் ஊர்க்காரங்க டிவி வச்சு ஒண்ணா உக்கார வச்சாங்க. ஏற்கனவே ஜனங்க கூடி உக்கார்ந்து பழகின இடத்துக்கு அந்தப் பாடத்தைக் கொண்டு போனாங்க. தமிழ்நாட்டுலயும் கல்வி டிவி அது பாட்டுக்கு ஓடிட்டிருந்தப்பவே 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சு, தெருவுல இருக்கற ஒரு அக்காவை, பிள்ளைக்குத் தெரிஞ்ச முகத்தை, நடுவுல வச்சாங்க. எனக்கு இந்த ரெண்டுலயும் பிடிச்சது அதுதான், ஸ்க்ரீனுக்கும் பிள்ளைக்கும் நடுவுல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கறது.

உங்க கிளாஸ்ல அந்தத் தெரிஞ்ச ஆள் ரெடியா இருக்கார், அவர்தான் ரெப். ஒரு பையன், ஒரு பொண்ணுன்னு ரெண்டு ரெப் வச்சுக்கோங்க, பொண்ணுங்க டவுட்டு பையன் வழியா வரணும்னு கட்டாயம் வேண்டாம். வாரா வாரம் வர்ற டவுட்டை எல்லாம் சேத்து பேர் இல்லாம அவங்க ஃபோரம்ல போடட்டும், எந்த மொழியில வந்துச்சோ அதே மொழியில, தங்கிலீஷ்னா தங்கிலீஷ். நீங்களும் முதல் வாரமே தமிழ்லயே பதில் எழுதுங்க, டெக்னிக்கல் வார்த்தை மட்டும் இங்கிலீஷ்ல இருக்கட்டும். ஃபோரம்ல இங்கிலீஷ்தான்னு யாரும் சொல்லலைன்னாலும் மேனேஜ்மெண்ட் வச்ச போர்டுல இங்கிலீஷ் இருக்கறதால பசங்க அப்படித்தான் எடுத்துப்பாங்க, அதை நீங்கதான் உடைக்கணும். மூடில்ல ஃபீட்பேக்னு ஒரு ஆக்டிவிட்டி இருக்கு, அதை அனானிமஸ்னு செட் பண்ண முடியும், சாதா ஃபோரம்ல முடியாது. ஒவ்வொரு யூனிட் கடைசியிலயும் "எந்த இடம் புரியல"ன்னு ஒரே ஒரு கேள்வியோட ஒரு ஃபீட்பேக் வைங்க, பேர் வராதுன்னு கிளாஸ்லயே ஓப்பன் பண்ணி ஸ்க்ரீன்ல காட்டுங்க, சொன்னா நம்ப மாட்டாங்க, காட்டினா நம்புவாங்க.

ஃபோரத்தையும் 60 பேருக்கு ஒண்ணா வைக்காம செபரேட் குரூப்ஸ் போட்டு ஆறு ஏழு பேரா பிரிச்சுடுங்க. குரூப்பை நீங்க ரோல் நம்பர் வரிசையில பிரிக்காதீங்க, ஒரே பஸ்ல வர்றவங்க, ஒரே பெஞ்ச்சுன்னு அவங்களே சேரட்டும், பொண்ணுங்க தனியா இருக்கணும்னு கேட்டா முதல் செமஸ்டர் அப்படியே விடுங்க. அப்படி விட்டா அது எதிர்க் கருத்தே வராத சௌகரியமான கூட்டமா ஆயிடும்னு சில பேர் சொல்வாங்க, அது உண்மைதான், அதனால ரெண்டாவது செமஸ்டர்ல கலைச்சுப் போடுங்க, முதல்ல பேச்சு வரட்டும். யாராவது தப்பா பதில் போட்டா எல்லார் முன்னாடியும் திருத்தாதீங்க, டீச்சர் அந்த ஒருத்தருக்கு மட்டும் பிரைவேட் ரிப்ளை போடுற வசதி மூடில்ல இருக்கு, அதை யூஸ் பண்ணுங்க. இது சின்ன விஷயமா தெரியும். ஆனா ஒரு பிள்ளை முதல் தடவை தைரியமா எழுதி, அதுக்குக் கீழ "ராங்"னு டீச்சர் எழுதிட்டா, அதைப் பாத்த மத்த எல்லாரும் அதோட ஒதுங்கிடுவாங்க.

பியர் ரிவ்யூல பத்துக்குப் பத்து வந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல. தினமும் ஒரே டப்பாவுல சாப்பிடுறவளுக்கு எப்படி ஆறு மார்க் போடுவா, அப்புறம் எந்த முகத்தோட பக்கத்துல உக்காருவா? மார்க் போடுற வேலையை அவங்ககிட்ட குடுக்காதீங்க. "இதுல உனக்குப் புரியாத வரி எது, அதை மட்டும் காப்பி பண்ணிப் போடு"ன்னு கேளுங்க. அது குறை சொல்றதா யாருக்கும் தோணாது, எழுதினவளுக்கும் எங்க தெளிவில்லைன்னு தெரிஞ்சிடும். பியர் ரிவ்யூவுக்குன்னே மூடில்ல இருக்கற ஒர்க்‌ஷாப் ஆக்டிவிட்டியில யார் எழுதினது, யார் ரிவ்யூ பண்ணதுன்னு ரெண்டு பேரையும் மறைக்க பர்மிஷன்ல வழி இருக்கு, உங்க காலேஜ் சிஸ்டம் அட்மின்கிட்ட சொன்னா போதும். குரூப்பா ஒரே அசைன்மெண்ட் சப்மிட் பண்ற செட்டிங்கும் இருக்கு, பி.காம் கணக்குப் பாடத்துக்கு அது நல்லா வேலை செய்யும், ஏன்னா பசங்க ஏற்கனவே அப்படித்தான் உக்காந்து போடுறாங்க, ஒரு சிஸ்டம் முன்னாடி நாலு தலை.

லீடர்போர்டை எடுத்துடுங்க. நம்ம பிள்ளைங்க எல்கேஜில இருந்து ரேங்க் பாத்துப் பாத்து வளர்ந்தவங்க, அவங்களுக்கு இது விளையாட்டா தெரியாது, இன்னொரு நோட்டீஸ் போர்டாதான் தெரியும். மேல இருக்கற பத்து பேர் சந்தோஷப்படுவாங்க, கீழ இருக்கற முப்பது பேர் குவிஸை ஓப்பன் பண்றதையே நிறுத்திடுவாங்க. போட்டி இருந்தாதான் சுவாரஸ்யம்னா குரூப் மொத்த ஸ்கோரை மட்டும் காட்டுங்க, தனி ஆள் பேர் வேண்டாம். குவிஸை மூணு தடவை ட்ரை பண்ணலாம், அதுல எது அதிகமோ அதுதான் கணக்குன்னு வைங்க.

லைவ் கிளாஸ்ல கேமராவைக் கேக்காதீங்க. நேரத்தையும் ராத்திரி 8ல இருந்து மாத்தி, முடிஞ்சா கடைசி பீரியட்ல லேப்லயே நடத்துங்க, ரெக்கார்டு பண்ணி சின்னச் சின்ன துண்டா போட்டுடுங்க, மூடில் மொபைல் ஆப்ல காலேஜ் வைஃபைல டவுன்லோட் பண்ணிட்டு வீட்ல நெட் இல்லாம பாக்கலாம். டெட்லைனை ராத்திரி 11.59ன்னு வச்சிருக்கீங்க, அதை மத்தியானம் 3 மணி ஆக்குங்க. போன் கையில இல்லாத பொண்ணு லேப்ல உக்காந்து முடிச்சுட்டு நிம்மதியா பஸ் ஏறுவா.

எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்த வேண்டாம், முதல்ல அனானிமஸ் ஃபீட்பேக்கும் டெட்லைனும் மட்டும் பண்ணுங்க, செலவு இல்ல, யார் பர்மிஷனும் வேண்டாம். அதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம் அந்த ரெப்பையும் வாயே திறக்காத நாலு பேரையும் உக்கார வச்சு, ஏன் எழுதலன்னு கேக்காம, டவுட்டு வந்தா பொதுவா யார்கிட்ட எப்படிக் கேப்பீங்கன்னு கேளுங்க. என் கணக்குல எங்க தப்பு இருக்குன்னு அவங்க பதில்ல தெரிஞ்சிடும், உங்க ஊர் வழக்கம் நான் சொன்னதுல இருந்து வேறயாவும் இருக்கலாம், அப்ப அவங்க சொல்றதையே எடுத்துக்கோங்க.

மேனேஜ்மெண்ட் மாசா மாசம் லாகின் ரிப்போர்ட் கேக்குறாங்கன்னு கடைசியா எழுதியிருந்தீங்க. லாகின் எண்ணிக்கையோட இன்னும் ரெண்டு விஷயம் சேத்துக் குடுங்க, அந்த மாசம் மொத்தம் எத்தனை டவுட்டு வந்துச்சு, அதுல எத்தனை டவுட்டு அடுத்த கிளாஸ் டெஸ்ட்ல திரும்ப தப்பா வரல. டவுட்டு ஃபோரம் வழியா வந்ததா, ரெப் வழியா வந்ததா, பேர் இல்லாம ஃபீட்பேக்ல வந்ததான்னு பிரிச்சுப் போடுங்க. ஹெச்ஓடிகிட்ட நீங்க வாதாட வேண்டியதில்ல, ரெண்டு மாசம் அந்த ரிப்போர்ட்டைத் தொடர்ந்து அனுப்புங்க, கூடவே எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, எந்த யூனிட்ல அதிகமா டவுட்டு வருதுன்னு பாத்து குவிஸ் கேள்விய எப்படி மாத்தலாம்னு நான் எழுதுறேன்.